பூச்சி என்றால் அசையத்தான் செய்யும்

மேக்ரோ படம் எடுக்கக் கிளம்புகிற எவருக்கும் சீக்கிரமே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடுகிறது. "பொறிவண்டைப் பிடிச்சு ஒரு டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல அஞ்சு நிமிஷம் வைங்க. மரத்துப் போய்க் கிடக்கும். எடுத்து ரோஜா மேல வச்சு, ஸ்ப்ரேயரால லேசா தண்ணி அடிங்க. அப்புறம் பாருங்க படத்தை." ஞாயிற்றுக்கிழமைப் புகைப்பட நடைகளில் இதைச் சொல்கிறார்கள், பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள், பரிசு வாங்கியவர்களும் தயங்காமல் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. பலர் இந்தக் கலைக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்கள் சொல்லும் நியாயமும் கேட்பதற்குச் சரியாகவே படும். பூச்சிக்கு ஒன்றும் ஆவதில்லை, சூடு ஏறியதும் எழுந்து பறந்துவிடும். அசைகிற பூச்சியை அந்த நெருக்கத்தில் கூர்மையாக எடுக்கவே முடியாது. எங்கே வைத்து எடுப்பது என்பது கலைஞனின் உரிமை. அதோடு, ஒரு சின்ன வண்டுக்கு இத்தனை பேச்சு எதற்கு?

இதில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. வண்டுக்கு நேரும் தீங்கைப் பற்றிப் பேசத்தான் போகிறேன். ஆனால் அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: இந்த முறை படத்தையே பாழாக்குகிறது. தோட்டத்துப் பொறிவண்டைப் பற்றி ஒரு படம் சொல்லக்கூடிய அத்தனையையும் துடைத்துவிட்டு, சிவப்பையும் கறுப்புப் புள்ளியையும் மட்டும் மிச்சம் வைக்கிறது.

ஒன்றும் ஆவதில்லை என்கிறார்களே, என்ன ஆகிறது என்று பார்ப்போம். விரலால் பிடித்ததுமே பொறிவண்டு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். இன்னும் சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் துளிகள் கசியும். விரலில் ஒட்டும், ஒரு மாதிரி நெடி அடிக்கும். அது கழிவு இல்லை, வண்டின் இரத்தம். கசக்கும் ஆல்கலாய்டுகள் கலந்த அந்த இரத்தத்தைச் சிந்தித்தான் எறும்பிடமிருந்தும் பறவையிடமிருந்தும் அது தப்பிக்கிறது. ஐந்தாறு மில்லிமீட்டர் உடம்பில் எவ்வளவு இரத்தம் இருந்துவிடும்? போனதை ஈடுகட்ட அது மறுபடி வேட்டையாடித் தின்றாக வேண்டும். நம்மூர் ஆள் அதை ஒரு டப்பாவில் தள்ளி மூடும்போதே இந்தச் செலவு நடந்து முடிந்துவிடுகிறது.

அடுத்தது குளிர். பூச்சிக்கென்று தனி உடல் வெப்பம் கிடையாது. காற்றின் வெப்பம்தான் அதற்கும். மதுரைப் பக்கம் மார்கழி விடியலில்கூட வெப்பம் இருபது டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அங்கே வாழ்கிற வண்டை நான்கைந்து டிகிரிக்குள் தள்ளினால் அது தூங்குவதில்லை. நரம்பும் தசையும் வேலை செய்ய முடியாமல் நின்றுபோகின்றன. உடலுக்குள் உப்புகளின் சமநிலை குலையத் தொடங்குகிறது. நேரம் கூடக்கூடக் காயமும் கூடும். வெப்ப மண்டலப் பூச்சிகளுக்கு இந்தத் தாங்கும் திறன் இன்னும் குறைவு. ஆய்வகங்களில் பழ ஈக்களைக் குளிரவைத்துக் கையாளுகிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் குளிரில் மயங்கிய ஈயை அவர்கள் உடனே நடத்தைச் சோதனைக்கு எடுப்பதில்லை. அது பழைய நிலைக்குத் திரும்ப நேரம் விடுகிறார்கள். எழுந்து நடப்பதும் தேறிவிடுவதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குத் தெரியும். நம் படக்காரர் என்ன செய்கிறார்? வண்டு காலை அசைத்ததும் "பார்த்தீங்களா, நல்லா இருக்கு" என்று சொல்லி, பிடித்த செடியை விட்டுத் தள்ளி எங்கோ ஒரு தொட்டியில் விட்டுவிட்டுப் போகிறார். அங்கே அதற்கு இரை இல்லை, எறும்பு இருக்கலாம்.

பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் படமே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். உயிர்ப்போடு இருக்கும் பொறிவண்டின் உணர்கொம்புகள் குட்டையாக, நுனி தடித்து, வெளியே நீட்டியபடி எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். கால்நுனியின் நகங்கள் இலையைப் பற்றியிருக்கும். குளிரவைத்த வண்டில் கொம்பு உள்ளே மடங்கியிருக்கும். கால்கள் வயிற்றடியில் சுருண்டு, உடல் இதழின் மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். மூட்டில் மஞ்சள் துளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், யாரோ பிடித்திருக்கிறார்கள். பனித்துளியையும் கவனியுங்கள். சென்னை போன்ற புழுக்கமான ஊரில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வண்டின் மேல் காற்றின் ஈரம் சட்டென்று படியும். வண்டு முழுக்க முத்து முத்தாக நீர், அது உட்கார்ந்திருக்கும் இதழோ உலர்ந்து கிடக்கிறது. அப்படி ஒரு பனி எந்தத் தோட்டத்திலும் பெய்வதில்லை. 'அதிகாலைப் பனியில்' என்ற தலைப்போடு இத்தகைய படங்கள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் தாங்கவில்லை.

சரி, வேறு வழியே இல்லையா? இதுதான் அவர்களுடைய வலுவான வாதம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கணக்கு அவர்கள் பக்கம் இருப்பதுபோல்தான் தோன்றும். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கத்தில், எஃப் 8 துளையில், கூர்மை நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். உருப்பெருக்கம் இரட்டித்தால் அது மூன்றில் ஒரு பங்காகிவிடும். கண் கூர்மையாக வந்தால் முதுகு மங்கும், முதுகு வந்தால் கண் மங்கும். அதனால் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல ஃப்ரேம்கள் எடுத்து ஒன்றாக அடுக்குகிறார்கள். ஸ்டாக்கிங் என்கிற இந்த வேலைக்கு வண்டு அசையக் கூடாது.

தலை முதல் வால் வரை ஒரே கூர்மை வேண்டும் என்ற இந்த ஆசை எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் புகைப்படக்காரர் லெவன் பிஸ் 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 'மைக்ரோஸ்கல்ப்சர்' என்ற கண்காட்சி வைத்தார். ஒவ்வொரு பூச்சிப் படமும் ஏறத்தாழ எட்டாயிரம் ஃப்ரேம்களைச் சேர்த்து உருவானது. அசரவைக்கும் வேலை. ஆனால் அவர் எடுத்தவை அருங்காட்சியகம் ஊசி குத்திப் பாதுகாத்துவந்த மாதிரிகள். அதை அவர் மறைக்கவும் இல்லை. செத்த பூச்சியின் அளவுகோலை எடுத்துவந்து உயிருள்ள பூச்சியின் மேல் பொருத்தியது நாம்தான். அந்த அளவுகோலுக்கு ஒத்துவராத வண்டைத்தான் பாதி சாகடித்துச் சரிசெய்யப் பார்க்கிறோம்.

உயிரோடிருக்கும் வண்டை எடுக்க ஒரே ஃப்ரேம் போதும், சரியான கோணம் தெரிந்தால். கண்ணும் முன்காலும் கழுத்துத் தகட்டின் ஓரமும் ஒரே தளத்தில் வருமாறு லென்ஸைத் திருப்பினால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே முகம் முழுக்க அடங்கிவிடும். முதுகின் வளைவு மெல்ல மங்கட்டுமே. அசைவைப் பற்றிய பயத்துக்கு மருந்து ஃப்ளாஷ். அதன் சக்தியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால், பல ஃப்ளாஷ்களில் ஒளி நீடிக்கும் நேரம் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். நடந்துபோகும் வண்டும் அதற்குள் நின்ற இடத்தில்தான் நிற்கும். பொறிவண்டின் முதுகு பளபளப்பான ஓடு என்பதால் ஃப்ளாஷ் வெறுமனே அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். டிரேசிங் பேப்பரையோ வெள்ளைத் துணியையோ வளைத்து லென்ஸுக்கு மேல் பெரிய டிஃப்யூசராகக் கட்டினால் அந்தத் திட்டு மென்மையாகப் பரவிவிடும். உண்மையில் நம்மைப் படுத்துவது வண்டு இல்லை, காற்று. இடக்கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்தால் செடியும் கேமராவும் ஒன்றாகவே ஆடும், தூரம் மாறாது. விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ்கூட வேண்டியதில்லை. பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டியவர்கள் இதையெல்லாம் எப்போதோ செய்துகாட்டிவிட்டார்கள்.

அசையாத வண்டுதான் வேண்டும் என்றால் அதையும் தோட்டமே தருகிறது. அசுவினி மொய்த்த கொழுந்தில் இரை கிடைத்துவிட்ட பொறிவண்டு ஓடாது. பொறிவண்டின் புழு பருத்து முடிந்ததும் இலையில் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். நம் வெயிலில் மூன்று நான்கு நாள் அப்படியே இருக்கும். தொட்டால் மட்டும் வெடுக்கென்று நிமிரும். அதிலிருந்து வெளிவரும் வண்டுதான் எல்லாவற்றிலும் அற்புதம். வரும்போது அதற்குப் புள்ளியே இருக்காது. வெளிறிய மஞ்சள், ஈரம், மெத்தென்ற ஓடு. உரித்துப்போட்ட கூட்டின் மேலோ பக்கத்திலோ வெகுநேரம் நின்று, மடங்கிய பின்னிறக்கைகளை வெளியே நீட்டி உலர்த்தும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் கோடுகள் மெல்ல எழும்பிவரும். ஸ்டாக்கிங் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் எந்தக் கண்காட்சியிலும் இந்தப் படம் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. புள்ளி இல்லாத பொறிவண்டு விலைபோகாது என்று முன்பே முடிவுகட்டிவிட்டார்கள்.

இனி ரோஜா இதழுக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பொறிவண்டுக் குடும்பத்தில் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறாயிரம் இனங்கள் உண்டு. எல்லாம் ஒன்றையே தின்பதில்லை. எந்தச் செடியில், எந்த இலையின் எந்தப் பக்கத்தில், எதன் நடுவில் உட்கார்ந்திருந்தது என்பதில்தான் அந்த வண்டு யார் என்பதே இருக்கிறது. இடம் மாற்றிவைத்தால் அந்தச் செய்தி போயே போய்விடுகிறது.

கத்தரிச் செடியில் ஒரு வண்டு இருக்கிறது. செம்பழுப்பு, இருபத்தெட்டுப் புள்ளி. இதுவும் பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் இலை தின்பது. எபிலாக்னா என்று விவசாயிகள் திட்டிக்கொண்டே மருந்து அடிப்பது இதைத்தான். பக்கவாட்டில் ஒளி விழுந்தால் இதன் ஓட்டில் மெல்லிய பூனைமயிர் தெரியும். அசுவினி தின்னும் வண்டுகளின் ஓடோ மினுமினுக்கும். இதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும். அது சுரண்டிய இலை சல்லடையாகிக் காய்ந்திருக்கும். அந்தச் சல்லடை இலையோடு எடுத்தால் பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கும். மயிர் தெரியாமல் நேர் ஃப்ளாஷ் அடித்து, ரோஜாவில் வைத்து எடுத்த எபிலாக்னாவின் கீழே 'விவசாயியின் நண்பன்' என்று அச்சிட்டிருப்பதை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்துத் தன் கத்தரியில் வந்த வண்டை விட்டுவைத்தவர் எவ்வளவு இலையை இழந்திருப்பாரோ.

பூசணி இலையில் சாம்பல் நோய் வெள்ளைப் பொடியாகப் படர்ந்திருக்கும்போது அதன் மேல் சின்ன மஞ்சள் வண்டு ஒன்று மேயும். இறக்கையில் ஒரு புள்ளியும் இருக்காது. வெளுத்த கழுத்துத் தகட்டில் மட்டும் இரண்டு கறுப்புப் பொட்டு. இல்லீயிஸ் என்பது அதன் பேரினம். அது அசுவினியையும் தொடாது, இலையையும் தொடாது. அந்தப் பூஞ்சையைத்தான் தின்கிறது. பொடி படிந்த இலையும் மஞ்சள் வண்டும் சேர்ந்தால்தான் அது படம். வண்டை மட்டும் எடுத்துச் செம்பருத்தியில் வைத்தால் மிஞ்சுவது வெறும் மஞ்சள் நிறம்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்திருந்தால் இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பஞ்சுபோல் கிடப்பவற்றின் நடுவே கொஞ்சம் நீளமாக, மெழுகு இழைகள் தொங்க, மற்றவற்றைவிட வேகமாக ஊர்வது ஒன்று இருக்கலாம். அது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழு. கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலிய வண்டின் புழு இப்படித்தான் இருக்கும். காபித் தோட்டத்துச் செதில் பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. வந்த வேலையில் தோற்றாலும் மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே நிலைத்துவிட்டது. வளர்ந்த வண்டு கருமை; தலைப்பக்கம் ஆரஞ்சு நிறம். புள்ளி கிடையாது. இந்தப் புழுவை மாவுப்பூச்சி என்று நினைத்துத் துடைத்துப்போடும் மாடித்தோட்டக்காரர்கள் எத்தனையோ பேர். நல்ல மேக்ரோ படம் ஒன்று இவர்கள் கையில் கிடைத்திருந்தால் அந்தப் புழு பிழைத்திருக்கும். அவரைப் பந்தலில் ஊரும் மற்றப் பொறிவண்டுகளின் புழுவும் இப்படித்தான் சாகிறது: கறுப்பாக, முள்ளும் மஞ்சள் திட்டுமாக, குட்டி முதலையின் சாயலில் இருப்பதால் செடியைத் தின்ன வந்தது என்று நசுக்கிவிடுகிறார்கள். நம் படக்காரர்களின் சேமிப்பில் சிவப்பு வண்டு நூறு இருக்கும், இந்தப் புழு ஒன்றுகூட இருக்காது.

அவரைக் கொழுந்து ஒன்றை இப்போது லென்ஸ் வழியாகப் பாருங்கள். தண்டே தெரியாமல் கருத்த அசுவினி. அவற்றிடம் இனிப்புச் சாறு வாங்க வந்த எறும்புகள் நடுவில் ஓடுகின்றன. நெளிநெளியாகக் கறுப்புக் கோடு போட்ட ஆறு புள்ளிப் பொறிவண்டு கீழிருந்து ஏறி வருகிறது. எறும்பு ஒன்று குறுக்கே வந்து கடிக்கப் பார்த்ததும் வண்டு கால்களை உள்ளிழுத்து ஓட்டைத் தண்டோடு அழுத்திக்கொள்கிறது. எறும்புக்குப் பல் வைக்க இடமில்லை. அது விலகியதும் வண்டு மறுபடி நகர்ந்து ஓர் அசுவினியைக் கவ்வுகிறது. கொஞ்ச நேரத்தில் வண்டின் வாயோரம் இரண்டு மெல்லிய கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. பக்கத்து அசுவினியோ உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. இத்தனையும் சுண்டுவிரல் நீளத் தண்டில். இதை விட்டுவிட்டா ஃப்ரிட்ஜுக்குப் போவது?

கலைஞனின் உரிமை என்பவர்களுக்கு: எனக்கும் அதில் சம்மதமே. மேசையில் பழம் அடுக்கி வரைவது ஓவியனின் உரிமை. ஆனால் அவன் அதைக் காட்டில் கண்டேன் என்று சொல்வதில்லை. இங்கே வண்டை வைத்து எடுத்துவிட்டு 'இயற்கை' என்ற பிரிவில் போட்டிக்கு அனுப்புகிறார்கள். பெரிய விலங்கு என்றால் இந்த உலகம் இதைப் பொறுப்பதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு பெற்றது வேலி தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்து, 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017-இல் வென்ற எறும்புண்ணிப் படத்தில் இருப்பது பாடம் செய்த விலங்கு என்று முடிவாகி, 2018-இல் அந்தப் பரிசும் போனது. எடுத்தவர்கள் இருவருமே குற்றச்சாட்டை மறுத்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். ஓநாய்க்குப் பொருந்தும் நேர்மை ஆறு மில்லிமீட்டர் வண்டுக்கு ஏன் பொருந்தாது?

உண்மையான படத்துக்கு ஆவண மதிப்பும் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 14 ஆண்டுகளாகக் கண்ணில் படாத ஒன்பது புள்ளிப் பொறிவண்டை 2006-இல் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் கண்டவர்கள் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் திட்டம் ஒன்றில் பொதுமக்கள் அனுப்பும் படங்களைப் பார்த்துத்தான் எந்த வண்டு எங்கே மிச்சமிருக்கிறது என்று கணக்கெடுக்கிறார்கள். பிரிட்டனில் ஹார்லிக்வின் என்ற ஆசியப் பொறிவண்டு 2004 முதல் பரவியபோதும், அது எந்தெந்த ஊரை எட்டியது என்பதை மக்கள் அனுப்பிய பதிவுகளே காட்டின. படத்தில் இடமும் செடியும் மாறியிருந்தால் இந்த வேலை எதற்கும் அது உதவாது. நம் தோட்டங்களில் எந்த வண்டு குறைகிறது, எது கூடுகிறது என்று நாளை யாராவது தேடினால், இன்று நாம் எடுக்கும் படங்களில் பாதி குப்பைக்குத்தான் போகும்.

ஒரு வண்டுக்கா இவ்வளவு என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒருவர் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அவரிடம் கற்றவர்களும் நிறுத்துவதில்லை. வண்டில் தொடங்கிய கை பச்சோந்திக்கும் தவளைக்கும் நீள்கிறது. தவளையைக் குளிரவைத்துக் காளான் மேல் உட்காரவைத்த படங்களும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

பூச்சிகளுக்கெனப் பிரிவு வைத்திருக்கும் போட்டிகள் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும்: எந்தச் செடியில் இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, தொட்டீர்களா, நகர்த்தினீர்களா? ஸ்டாக் செய்த படம் என்றால் அசல் ஃப்ரேம்களையும், அதே வண்டு அதே இடத்தில் இருக்க, சுற்றுப்புறம் தெரிய எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். வீட்டுக்குள் மேசையில் வைத்து எடுத்தவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கட்டும். அதில் அப்படியே எழுதிக்கொடுக்கட்டும். பயிற்சி நடத்துபவர்கள் அடுத்த வகுப்பை ஏதாவதொரு அவரைப் பந்தலடியில் வைக்கட்டும். மருந்து அடிக்காத, அசுவினி பிடித்த பந்தலாகப் பார்த்துக்கொண்டால் போதும். வெயில் ஏறுவதற்குள் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு நான்கையும் மாணவர்களுக்குக் காட்டிவிடலாம்.